குடும்பக் குழுவில் என் புற்றுநோய்

யாராவது அபிப்பிராயம் கேட்டால் உடனே சொல்லிவிடும் பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோப்பில் 'பரிசீலிக்கலாம்' என்று எழுதத் தெரிந்தவனுக்கு 'செய்யலாம்' என்று எழுத வேண்டிய அவசியமே வராது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிட்டால், மேலே இருப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். நானும் அப்படியே காலத்தை ஓட்டி, நல்ல பெயரோடு மாலை மரியாதை வாங்கிக்கொண்டு கரமனை வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டேன். ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்தபோதுதான், இந்தக் கோப்பை மேலே அனுப்ப யாரும் இல்லை என்பது உறைத்தது.

டாக்டரம்மாவுக்கு என் பெண்ணின் வயதுதான் இருக்கும். மலையாளி. நிதானமாகப் பேசுவார், கேள்வி கேட்டால் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். கட்டி சின்னது, மெதுவாக வளரும் ஜாதி, உடனே ஆபத்து இல்லை என்றார். எனக்கு மூன்று வழிகள் இருந்தன. அறுவை சிகிச்சை செய்து சுரப்பியையே எடுத்துவிடலாம். சில வாரங்கள் தினமும் வந்து கதிர்வீச்சு எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டாம் என்றால், ஒழுங்காக ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொண்டு, கட்டி வளர்கிறதா என்று கண்காணித்தபடி இருக்கலாம். வளர்ந்தால் அப்போது சிகிச்சை. உங்கள் விஷயத்தில் மூன்றுமே சரியான வழிதான், உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று முடித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நானே சொல்ல வேண்டுமென்றால் இவர் எதற்கு, இவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் அத்தனை பட்டங்கள் எதற்கு என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை.

முகத்தைப் படித்தாரோ என்னவோ, இதற்கென்றே ஒரு வலைப்பக்கம் இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகப் பாருங்கள் என்று என் செல்போனுக்கு ஒரு லிங்க் அனுப்பினார். ஒவ்வொரு சிகிச்சையின் நன்மை தீமைகளையும் அது விளக்குமாம், பிறகு நமக்கு எது முக்கியம் என்று கேள்வி கேட்குமாம். நான் தரும் பதில்கள் அடுத்த முறை அவருடைய திரையில் தெரியும், அதை வைத்துப் பேசலாம் என்றார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் என் மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். டாக்டரின் அறையில் அவளும் என் பக்கத்தில்தான் இருந்தாள். புற்றுநோய், காத்திருக்கலாம் என்ற இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்ததை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிக் காலை அலம்பிக்கொண்டு உள்ளே வந்த பிறகுதான் கேட்டாள்.

"ஆத்துக்குள்ள பாம்பு பூந்துடுத்துன்னு தெரிஞ்சா, சின்னப் பாம்புதான், மெள்ளத்தான் நகரும்னு சொல்லிண்டு யாராவது தூங்குவாளா?"

எனக்கு அறுவை சிகிச்சையில் இஷ்டமில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம், சிலருக்கு நீண்ட காலம், சிறுநீர் கசியலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு உள்ளே வைத்துக்கொள்ளும் பஞ்சுப் பட்டைகள் இருக்கின்றனவாம். பேன்ட் போடுகிறவர்களுக்கு அது சரி. நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து வேட்டியைத் தவிர வேறு எதையும் கட்டாதவன். காலையில் குளித்து, மடியாக வேட்டி கட்டி, கோயிலுக்குப் போய், பிறகு நாலைந்து பேரோடு பாராயணத்தில் உட்கார்ந்து எழுந்திருக்க வெயில் ஏறிவிடும். அதுதான் என் நாள். அது எனக்குப் பக்தி மட்டுமல்ல, சிநேகமும் அதுதான், வம்பும் அதுதான். நடுவில் நனைந்துவிடுமோ என்ற பயத்தோடு அங்கே உட்கார முடியாது. இதை மனைவியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவளோ எடுத்துவிட்டால் நிம்மதி என்று முடிவு கட்டிவிட்டாள். கத்தி வேண்டுமா வேண்டாமா என்பதுதான் எங்கள் இருவருக்கும் நடுவே நின்றது.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வலைப்பக்கம் இங்கிலீஷிலும் மலையாளத்திலும் இருந்தது. மலையாளத்தைத் திறந்து, அவளுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு பக்கத்தில் நூறு சின்னச் சின்ன மனித உருவங்கள் வரிசையாக நின்றன. இன்ன சிகிச்சை எடுத்தால் இவர்களில் இத்தனை பேருக்கு இன்ன தொல்லை வரும் என்று சில உருவங்கள் ஆரஞ்சு நிறத்துக்கு மாறின. நான் எந்த வரிசையில் நிற்கிறேன் என்று தேடினேன். மனிதனுக்குப் புத்தி போகும் போக்கு அப்படி. என் மனைவி, பாவம் இந்தக் கோடியில் இருக்கிறவன், என்று ஓர் ஆரஞ்சுக்காரனுக்காக அனுதாபப்பட்டாள்.

அதற்குப் பிறகு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, கோட்டில் ஒரு புள்ளி. முக்கியமில்லை என்றால் இடது பக்கம், மிக முக்கியம் என்றால் வலது பக்கம் நகர்த்த வேண்டும். தாம்பத்திய உறவைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. சத்தமில்லாமல் அதைத் தாண்டி அடுத்ததைப் படித்தேன்.

"ஒண்ணை விட்டுட்டேளே" என்றாள்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவளுக்கு மலையாளம் வாசிக்க வராது என்பது என் கணக்கு. இத்தனை வருடம் பஸ் போர்டுகளைப் படித்தே அவள் கற்றுக்கொண்டிருந்த விஷயம் எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை அவளே எழுத்துக்கூட்டி வாசித்தாள், பிறகு அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்து எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை.

அவள் போனதும் எல்லாப் புள்ளிகளையும் நட்டநடுவில் நிறுத்தினேன். பழக்க தோஷம். கசிவா, நடுவில். கவலையா, நடுவில். சீக்கிரம் முடிய வேண்டுமா, அதுவும் நடுவில். கடைசிப் பக்கம் மிகுந்த மரியாதையோடு, உங்கள் பதில்கள் எந்தச் சிகிச்சையின் பக்கமும் சாயவில்லை, நெருங்கியவர்களோடு பேசிப் பார்ப்பது உதவலாம் என்றது. வேலையில் இருந்தபோது என் மேலதிகாரிகள் யாரும் இவ்வளவு நாசூக்காகச் சொன்னதில்லை.

நெருங்கியவர்களோடு பேசு என்றதுதான் வினையாகப் போயிற்று. பெங்களூரில் இருக்கும் எங்கள் பெண்ணிடம் இதைச் சொன்னேன். லிங்கை எனக்கு அனுப்புங்கோப்பா, பார்க்கறேன் என்றாள். அனுப்பினேன். அவள் பார்த்தாள், அத்தோடு நிற்காமல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டாள். அப்பாவுக்கு ஒரு முடிவெடுக்க உதவி வேண்டும், எல்லோரும் படித்துப் பாருங்கள் என்று ஒரு வரி வேறு. அவளைக் குறை சொல்ல மாட்டேன். வரன் பார்ப்பதாகட்டும், ஃபிளாட் வாங்குவதாகட்டும், பையனை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதாகட்டும், எங்கள் குடும்பத்தில் நாலு பேரைக் கேட்காமல் எதுவும் நடந்ததில்லை. கேட்காவிட்டால்தான் மனஸ்தாபம்.

பக்கத்து வலியசாலையிலிருந்து மஸ்கட் வரை பரவிக் கிடக்கும் குழு அது. விடியற்காலையில் சாமி படம், மத்தியானம் மருத்துவக் குறிப்பு, இடையிடையே பிறந்தநாள் கேக் என்று ஓடிக்கொண்டிருக்கும். அன்று எல்லாம் நின்றுவிட்டது. எல்லோரும் லிங்கைத் திறந்தார்கள். படித்துப் பார்த்ததோடு விட்டார்களா என்றால், இல்லை. புள்ளிகளை நகர்த்தி, கடைசிப் பக்கம் வரை போய், தங்களுக்கு என்ன வந்தது என்று குழுவில் போட ஆரம்பித்தார்கள். 'எனக்கு ஆபரேஷன்னு வந்தது.' 'எனக்கு ரேடியேஷன் காட்டறது.' சென்னையில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை, முதலில் கண்காணிப்பு என்று வந்ததாகவும், அது சரியில்லை என்று பட்டதால் மறுபடி போட்டு ஆபரேஷன் வரவழைத்ததாகவும் எழுதினாள். யாரோ எண்ணிச் சொன்னார்கள், ஆபரேஷன் கட்சி முன்னிலையில் இருந்தது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நாங்களோ ஊர் வாய்க்கு லிங்க் அனுப்பிக் கூப்பிட்டிருந்தோம்.

எல்லோரையும்விடத் தீவிரமாக இறங்கியவர் என் மனைவியின் அண்ணா. வலியசாலையில் இருக்கிறார், எந்த விஷயத்திலும் இரண்டாவது அபிப்பிராயம் என்று ஒன்று இருக்க முடியாது என்று நம்புகிறவர். ஒரு சீப்பு ரசகதளிப் பழத்தோடு சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். எனக்காக அத்தனை கேள்விக்கும் அமர்ந்து யோசித்துப் பதில் போட்டிருப்பதாகவும், ஒன்றையும் விடவில்லை என்றும் சொன்னார். எடுத்து எறிந்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. கசிவைப் பற்றி மெல்ல ஆரம்பித்தேன். இந்த வயதில் அதெல்லாம் ஒரு விஷயமா என்று கையை வீசினார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவர் பழத்தைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து என் பதில்களைப் பார்த்தார், கொஞ்சம் புருவம் உயர்ந்தது. போன முறை கசிவைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விகளுக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறதே என்று சொல்லி ஒவ்வொன்றாக வாசித்தார். சிறுநீர் கசிவு எனக்குத் துளிக்கூட முக்கியமில்லை. எவ்வளவு சீக்கிரம் அறுவை சிகிச்சை நடக்கிறதோ அவ்வளவு நல்லது. தாம்பத்திய உறவு அறவே முக்கியமில்லை, புள்ளி இடது கோடியில். என் மனைவி தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சாரே, இது சாரின்றெ மனசு தன்னே ஆணோ?" என்று டாக்டர் கேட்டார். இது உங்கள் மனசேதானா என்கிறார்.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்த லிங்க் எனக்கென்று கொடுத்தது. யார் திறந்து பதில் போட்டாலும் என் பெயரில்தான் பதிவாகும், கடைசியாகப் போட்டவருடையது மட்டும் நிற்கும். அண்ணாதான் கடைசி. ஊரில் இருக்கும் அத்தனை உறவுக்காரர்களும் என் மூத்திரப் பைக்கும் படுக்கையறைக்கும் மார்க் போட்டு முடித்த பிறகு, என் மச்சினர் இறுதி மார்க் போட்டிருக்கிறார். நான் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் வாய்மேல் கையை வைத்துக்கொண்டார், ஆனால் தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. என் மனைவியும் சிரித்துவிட்டாள். கடைசியில் நானும் சிரித்தேன். நோய் என்று தெரிந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

டாக்டர் அந்தப் பதில்களை அழித்துவிட்டார். அவசரமில்லை, வேறு ஒருவர் தலையும் தெரியாத இடத்தில் உட்கார்ந்து போடுங்கள் என்று ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, சிஸ்டரோடு எங்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். எடை பார்க்கும் மெஷினும் இரண்டு நாற்காலிகளும் இருந்த சின்ன அறை. சிஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

இந்த முறை நடுவில் நிறுத்தவில்லை. கசிவுக் கேள்வியில் புள்ளியை வலது கோடிக்குத் தள்ளினேன், அதற்கு மேல் போகாத வரை தள்ளினேன். மனைவி ஏன் என்று கேட்டாள். வேட்டியையும் பாராயணத்தையும் மடியையும் பற்றிச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னேன், சொல்லி முடித்தபோது வெட்கம் போயிருந்தது. இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லியிருந்தால் உயிரைவிட வேட்டி பெரிசா என்று கேட்டிருப்பாய் என்றேன். கேட்டுத்தான் இருப்பேன் என்று ஒப்புக்கொண்டாள். இன்னொரு கேள்வியில் என் கை தயங்கியபோது, டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்து அவளே புள்ளியை நகர்த்தினாள். எந்தப் பக்கம் என்பதை நான் எழுதப் போவதில்லை. அண்ணா போட்ட பக்கம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்த கேள்வி, சிகிச்சை இல்லாமல் புற்றோடு வாழ்வது உங்களுக்கு எவ்வளவு கவலை தரும் என்பது. எனக்கு அவ்வளவு இல்லை என்று கொஞ்சம் இடது பக்கம் வைத்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை யாரைக் கேக்கறா? உங்களையா, என்னையா?"

என்னைத்தான் என்றேன். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பாம்பைப் பற்றி மறுபடி ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் வேறு ஒன்று சொன்னாள். தன்னால் காத்திருக்க முடியாது என்று இல்லை, ஒன்றும் தெரியாமல் காத்திருக்கத்தான் முடியாது என்றாள். என் முகத்திலிருந்து எதையும் படிக்க முடிவதில்லையாம். வேலையில் மெமோ வாங்கிய நாளிலும் சரி, புரமோஷன் வந்த நாளிலும் சரி, ஒரே முகத்தோடு வந்து காபி கேட்டவன் நான். இனி ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் அந்த முகத்தோடு வந்து, குழப்பமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லப் போகிறேன், அது நிஜமா பொய்யா என்று தெரியாமல் அவள் பாத்திரம் தேய்க்க வேண்டும். அதற்கு ஒரே தடவையாக அறுத்துப் போட்டுவிடுவதே மேல் என்று நினைத்தாளாம்.

"ரிஸல்ட் எல்லாம் என் ஃபோனுக்கு வரட்டும். நான்தான் மொதல்ல பாப்பேன். அப்படீன்னா நான் காத்துண்டு இருக்கேன்."

என் ரத்தம், என் ரிஸல்ட் என்று முனகினேன்.

"ரத்தம் உங்களோடது. பயம் என்னோடதாக்கும்."

பணிக்காலம் முழுவதும் நான் படித்த எந்தக் குறிப்பும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை. சிஸ்டரைக் கூப்பிட்டு, என் நம்பரை எடுத்துவிட்டு அவள் நம்பரைப் போடச் சொன்னேன். டாக்டரிடம் கண்காணிப்பு என்று சொன்னோம். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, நிச்சயம்தானே என்று கேட்டார். நிச்சயம் என்று என் வாயால் சொன்னேன். பரிசீலிக்கலாம் என்று சொல்லவில்லை.

வரும் வழியில் பழவங்காடியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். ஆபரேஷன் நல்லபடி முடிய வேண்டும் என்று அவள் முன்பே வேண்டிக்கொண்ட தேங்காயாம். ஆபரேஷனே இல்லாமல் அதை எப்படி உடைப்பது என்று கேட்டேன். கணபதிக்கு அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணத் தெரியும் என்றாள். ஓங்கி அடித்ததில் தேங்காய் சுக்குநூறாகச் சிதறியது. அவள் முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. குடும்பக் குழுவில் இரண்டு நாள் அமளி. அண்ணா கோபித்துக்கொண்டு குழுவைவிட்டு வெளியேறினார், பழத்தோடு வந்து மறுபடி சேர்ந்துகொண்டார்.

மாதங்கள் போய் முதல் பரிசோதனை வந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் ரிஸல்ட் வரும் என்றார்கள். நான் தைரியசாலி என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. மறுநாள் காலை பாராயணத்துக்குப் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பினேன். அவளுடைய செல்போன் ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. தண்ணீர் குடிக்கும் சாக்கில் அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தேன். ஒரு முறை அது சிணுங்கியது. அவள் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் துணி உலர்த்தப் போனாள். திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெறும் முகம். பேப்பரை எடுத்தேன், ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. பயமாக இருந்தது, வெளிப்படையாகவே சொல்கிறேன், நோய் என்று முதலில் கேட்ட அன்றுகூட எனக்கு அத்தனை பயம் வரவில்லை.

சாப்பிட வாங்கோ என்றாள். உட்கார்ந்தேன். எரிசேரி, சேனை மெழுக்குபுரட்டி, பப்படம் எல்லாம் வந்தன. நிதானமாகப் பரிமாறினாள். சாம்பார் சாதம் ஆயிற்று, ரசம் ஆயிற்று. கேட்கலாமா என்று வாயைத் திறப்பேன், கேட்டால் வருகிற பதிலை நினைத்து மூடிக்கொள்வேன். கடைசியில் மோர் விட்டுக்கொண்டே, காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். ரத்தத்தில் பார்க்கும் அந்த அளவு போன தடவையைவிட ஒரு துளி குறைந்திருக்கிறதாம்.

எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது, கூடவே கோபமும் வந்தது. அப்போதே வந்துவிட்டதே, அதை அப்போதே சொன்னால் என்ன என்று கேட்டேன். நல்ல சேதியை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை இப்படியா படுத்துவது என்றேன்.

"நல்லதுன்னா ஒடனே சொல்லிட்டு, கெட்டதுன்னா மட்டும் சாப்பிடட்டும்னு இருந்தேன்னா, நான் சும்மா இருக்கற அன்னிக்கு உங்களுக்குச் சாதம் எறங்குமா? அதனால எதுவானாலும் சாப்பிட்டப்பறம்தான்னு வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு ஊறுகாய் ஜாடியை மூடினாள். அப்படியானால் ஒரு நாள் கெட்ட சேதி வந்தாலும், இதே முகத்தோடு, இதே வரிசையில் எனக்குப் பரிமாறி முடிக்கும் வரை அதை அவள் ஒருத்தியே வைத்துக்கொண்டிருப்பாள். அதற்கும் சேர்த்துத்தான் அன்று அந்தச் சின்ன அறையில் ரிஸல்ட் தன் ஃபோனுக்கு வர வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கை உலர்ந்துகொண்டிருந்தது. எழுந்திருக்க மனம் வராமல், இன்னும் கொஞ்சம் மோர் விடச் சொன்னேன்.